மூளை வளர்ச்சி: பிள்ளைகளுக்கு இல்லை, பெரியவர்களுக்குப் பயிற்சி. எப்படி நடத்தலாம்?

#1 வேடசந்தூரான்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சென்ற கூட்டத்துக்குத் தனியார் பயிற்சி மையத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகளின் நடுமூளையைத் தூண்டிவிட்டால் நினைவாற்றல் பெருகும், கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கலாம் என்றார். கூட்டி வந்த பையன் கண்கட்டோடு அட்டைகளின் நிறத்தைச் சொன்னான். பெற்றோரில் பாதிப் பேர் அங்கேயே பணம் கட்டத் தயார். பையன் ஒவ்வொரு முறையும் அட்டையை மூக்குக்குக் கீழே கொண்டுபோனதை நானும் தலைமையாசிரியரும் கவனித்தோம். அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஆனால் அதற்குப் பிறகு ஓர் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "அப்போ எங்க புள்ளைக்கு நாங்க என்னதான் சார் செய்யறது?"

ஊராட்சி சமுதாயக் கூடமும் கொஞ்சம் பணமும் தருகிறது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர் எல்லோருக்கும். இப்போதைக்கு மனதில் இருப்பது ஒரு நாள் முகாம்: காலையில் டாக்டர், மதியம் மனநல ஆலோசகர், புரொஜெக்டரில் மூளைப் படம், சாப்பாடு. இதில் எதைச் சேர்க்க, எதை நீக்க?

#2 சந்தேகப்பேர்வழி

அந்த ஆளைத் திருப்பி அனுப்பியதற்கு முதலில் நன்றி. யாரோ வந்து தூண்டும்வரை தூங்கிக்கொண்டிருக்கும் உறுப்பு இல்லை நடுமூளை. கண்ணை அசைப்பது, சத்தம் வந்த பக்கம் திரும்புவது, விழித்திருப்பது என்று பிறந்த நாளிலிருந்தே அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மங்களூர்ப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இந்த வித்தையை ஊர் ஊராக அம்பலப்படுத்தியவர். மூக்கோர இடைவெளியை ஒழுங்காக அடைத்தால் வித்தை நின்றுவிடும்.

நீக்க வேண்டியது எது என்றால், உங்கள் முகாமையே நீக்கலாம். கோபிக்காதீர்கள். டாக்டர் பேசுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள், பிரியாணி நன்றாக இருந்தது என்று வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் குழந்தை சாப்பிட மறுத்தால் பழையபடி கையில் செல்போன்.

பெரியவர்களைப் பழக்கிப் பிள்ளையின் வாழ்க்கையையே மாற்ற முடியும் என்பதற்கு இருக்கும் வலுவான சான்று ஜமைக்காவிலிருந்து வருகிறது. 1980களின் நடுவில், கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சாலி கிராந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழு தேர்ந்தெடுத்தது. எல்லாம் 9 முதல் 24 மாதக் குழந்தைகள். ஒரு பகுதியினர் வீட்டுக்கு உள்ளூர் சுகாதாரப் பணிப்பெண் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், 2 ஆண்டுகள் போனார். இன்னொரு பகுதியினருக்குச் சத்துணவு மட்டும். மற்றொன்றுக்கு இரண்டும். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது திரும்பப் போய்ப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஆள் போய் விளையாடக் கற்றுக்கொடுத்த குழந்தைகள், அது கிடைக்காதவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 2014இல் சயன்ஸ் இதழில் வந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நீண்ட காலப் பலன் தெரியவில்லை.

வீடு வீடாகப் போன அந்தப் பெண்கள் டாக்டர்களும் இல்லை, பட்டதாரிகளும் இல்லை. அதே பகுதிக்காரர்கள்.

#3 மேற்பார்வை அக்கா

அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சந்தேகப்பேர்வழி தம்பி சொல்வது சரி, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்குப் போகிறவர் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அம்மாவைச் செய்ய வைக்க வேண்டும். பழைய பாட்டில் மூடிகளில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்த ஒரு கிலுகிலுப்பையை எடுத்துப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டு, "நீ ஆட்டிப் பாரும்மா" என்று அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். குழந்தை எட்டிப் பிடிக்க நேரமாகும். நம் ஆட்களுக்கு அந்த நேரம் பொறுக்காது, குழந்தை கையில் திணித்துவிடுவார்கள். அப்போது அம்மாவின் முழங்கையை லேசாகப் பிடித்து, "கொஞ்சம் இரு, அவனே வருவான்" என்று சொல்ல வேண்டும். குழந்தை எட்டிப் பிடித்ததும் பாராட்டு முதலில் அம்மாவுக்கு. "நீ பொறுத்திருந்தே, பாரு, அவனா எடுத்துட்டான்." அம்மாவுக்கு முகம் மலரும். நாம் போன பிறகும் அவள் தானாகச் செய்வாள். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறொன்று கொடுத்து இதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதை மேடையில் விளக்க முடியுமா? முடியாது. பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்ட முடியும்.

ஒடிசாவில் கட்டாக் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் இந்த ஜமைக்கா முறையைச் செய்து பார்த்தார்கள். குழந்தைகளின் அறிதிறன் கூடியது. நம் நாட்டில் நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

#4 கணக்கு வாத்தியார்

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கன்வாடியில் ஏற்கெனவே பயிற்சிக்கு என்ன குறைச்சல்? 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' புத்தகம் இருக்கிறது. போஷன் பீ படாய் பீ (ஊட்டச்சத்தும், கூடவே படிப்பும்) என்று 2023இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் பயிற்சி தொடங்கியது. 2024இல் மூன்று வயதுக்குக் கீழே நவசேதனா, அதற்கு மேலே ஆதார்ஷிலா என்று இரண்டு பாடத்திட்டம். தேசியக் கல்விக் கொள்கை 2020இலேயே 6 வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. என்னிடம் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்குத்தான் கழித்தல் வரவில்லை.

#5 மேற்பார்வை அக்கா

வாத்தியார் சார், பயிற்சிக்குக் குறைவில்லை. நேரத்துக்குத்தான் குறை. ஒரு நாள் காலை மையத்துக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள். எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும், அதைச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காது. கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். உதவியாளர் லீவு என்றால் சமையலும் பணியாளர் தலையில். இதற்கு நடுவில் ஒரு குழந்தை மணலை வாயில் போட்டுவிடும். ஆடிப்பாடி விளையாட நேரம் எங்கே?

இது நான் சும்மா சொல்வதில்லை. தமிழ்நாட்டிலேயே 4 மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். முரளிதரன், கனிமியன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள். குலுக்கல் முறையில் சில மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலை பார்க்கும் கூடுதல் பணியாளர் ஒருவரைப் போட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்: ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் வீட்டுக்குப் போகவும் நேரம் கிடைத்ததுதான் காரணம்.

எங்கள் மையங்களைப் பற்றி யாராவது குறை சொன்னால் அந்த ஆய்வைத்தான் நான் எடுத்து வைப்பேன்.

#6 சந்தேகப்பேர்வழி

அந்த 85 சதவீதத்தைப் பற்றி ஒன்று. பிறக்கும்போது மூளை பெரியவர்களின் மூளையில் கால் பங்கு அளவு, 6 வயதுக்குள் சுமார் 90 சதவீதம். இது உண்மை. ஆனால் இது அளவுக் கணக்கு. பானை முக்கால் நிறைந்துவிட்டது, இனி ஊற்றி என்ன பயன் என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. முன்னெற்றிப் பக்கத்து மூளை இருபது வயதுகளின் நடுவரை இணைப்புகளைச் செதுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. திட்டமிடுவது, அவசரத்தை அடக்குவது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. "ஆறு வயசோட முடிஞ்சுது" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டால் எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா எழுந்து போய்விடுவார்.

#7 பத்தாம்வகுப்பு அம்மா

எழுந்து போகத்தான் இருந்தேன். நல்லவேளை சொன்னீர்கள். என் பையனுக்கு 15. ராத்திரி பன்னிரண்டு வரை தூங்க மாட்டான், காலையில் ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்ப நான் படும் பாடு! சோம்பேறி என்று அவன் அப்பா திட்டாத நாளில்லை. எங்களுக்கும் ஏதாவது பயிற்சி உண்டா?

#8 குழந்தை ஓபி நர்ஸ்

அம்மா, அவன் சோம்பேறி இல்லை. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரமே பின்னால் தள்ளிப் போகிறது. பதினோரு மணிக்கு முன்னால் தூக்கம் வராது என்பது பல பிள்ளைகளுக்கு உடம்பின் கதை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஐந்து மணிக்கு எழுப்பினால் கணக்கு எங்கே ஒத்துப்போகிறது? பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். டியூஷனுக்குப் பணமும் கட்டி, அது பதியும் நேரத்தையும் வெட்டிவிடுகிறோம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8:30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். நம் அரசுப் பள்ளி மணி ஒன்பதுக்கு மேல்தான் அடிக்கிறது, பிரச்சினை பள்ளி நேரம் இல்லை. விடியற்காலை டியூஷனும் ஸ்பெஷல் கிளாஸும் ராத்திரி செல்போனும். அதனால் இந்தப் பயிற்சிக்கு முதலில் வர வேண்டியவர் டியூஷன் வாத்தியார் என்பேன்.

இன்னொன்று. எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இரும்புச்சத்தும் காதும் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத குழந்தை மந்தமாக இருக்கும், அடம் பிடிக்கும். காதில் சீழ் வடியும் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும். "எவ்வளவு பேசினாலும் திரும்ப மாட்டேங்குறான்" என்று சொல்லி வரும் அம்மாக்களில் சிலருக்கு நாங்கள் காது டாக்டரிடம் சீட்டு எழுதித்தான் அனுப்புகிறோம்.

#9 கணக்கு வாத்தியார்

தூக்கம் சரி. ஆனால் இன்றைய பிள்ளைகளிடம் பயமே இல்லை. நாங்கள் அடி வாங்கித்தான் படித்தோம், மூளை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இப்போது முறைத்துப் பார்த்தாலே பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி என்று கூப்பிட்டு "அன்பாக இருங்கள்" என்று மட்டும் சொன்னால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அது உதவாது.

#10 சந்தேகப்பேர்வழி

சட்டம் உங்களுக்கே தெரியும்: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடலைத் தண்டிப்பதும் மனத்தைத் துன்புறுத்துவதும் தடை. அதை விடுங்கள். அடி வாங்கிப் படித்தவர்கள் இங்கே வந்து பேசுகிறோம். அடி வாங்கி ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் இந்த இழையில் இல்லை.

ஆனால் "அன்பாக இருங்கள்" என்பது பயிற்சி ஆகாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆசிரியருக்கு வேண்டியது அடுத்த நாள் மூன்றாம் பீரியடில் செய்யக்கூடிய ஒன்று. ஓர் உதாரணம். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இரு உளவியலாளர்கள் வீடியோ கார் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்துகள் கூடின. பெரியவர்களிடம் அப்படி இல்லை. இதிலிருந்து வகுப்பறைக்கு நான் எடுக்கும் பாடம்: எதிர்த்துப் பேசிய பையனை வகுப்பு முன்னால் மடக்காதீர்கள். நாற்பது பேர் பார்க்கும்போது அவனால் இறங்கி வர முடியாது. "பெல் அடிச்சதும் வந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். தனியாக வரும்போது வேறு பையனாக வருவான். இதை ஆசிரியர்கள் இருவர் இருவராக நடித்துப் பழக வேண்டும். வாயில் வரும் முதல் வார்த்தையை மாற்றுவது பேச்சைக் கேட்டு வராது.

#11 கணக்கு வாத்தியார்

இது பரவாயில்லை. முயன்று பார்க்கலாம். அடுத்தவர் முன் நடிப்பதற்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

#12 யாழ் முன்பள்ளி

யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்களிடம் குடும்பநல மாது வீடு வீடாக வருவது நெடுங்கால வழக்கம். பிள்ளையின் நிறை, தடுப்பூசி, எந்த மாதத்தில் என்ன செய்கிறது எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதனால் அம்மாமாருக்கு வீட்டுக்கு ஆள் வருவது கூச்சமில்லை. உங்கள் ஊரிலும் கிராமச் சுகாதாரச் செவிலியர் வருகிறார்தானே, அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கண்ட சிக்கல் வேறு. போருக்குள் வளர்ந்த தலைமுறைதான் இன்றைக்கு அம்மா அப்பா. சில தாய்மார் பிள்ளைக்கு எல்லாம் செய்வார்கள்: குளிப்பாட்டுவார்கள், தீத்துவார்கள், துப்புரவாக உடுத்தி அனுப்புவார்கள். கதைக்க மாட்டார்கள். முகம் அசையாது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார்: தாய் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்க வேண்டும். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தமிடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தக் காணொளியைத் தாய்மாருக்குப் போட்டுக் காட்டச் சொல்லி ஒரு பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். நான் போடுவதில்லை. ஏற்கெனவே மனம் நொந்த தாய்க்கு அது குற்றப்பத்திரிகை வாசிப்பது. அவரைப் பிள்ளையோடு கதைக்கச் சொல்வதற்கு முன்னம், அவரோடு யாராவது கதைக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் தேத்தண்ணியும் ஊர்க்கதையும்தான். மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்தால் நேரத்தை வீணாக்குகிறோம் என்பார்கள்.

#13 மேற்பார்வை அக்கா

டீச்சரம்மா, நூற்றுக்கு நூறு. நாங்கள் அம்மாக்களைக் கூட்டி வைத்து "நீங்க அதைச் செய்யல, இதைச் செய்யல" என்று படித்துவிட்டு வருவோம். அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது.

#14 லாரிக்கார அப்பா

ஒரு கேள்வி. நான் லாரியில் போனால் வர வாரக்கணக்காகும். பொண்ணுக்கு இரண்டரை வயசு. போனில் வீடியோ கால்தான். குழந்தைக்கு ஸ்கிரீன் கூடாது என்கிறீர்கள், நான் என்ன செய்ய?

#15 குழந்தை ஓபி நர்ஸ்

தாராளமாகப் பேசுங்கள் அண்ணா. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஸ்கிரீன் வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதன் கவலை குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி. நீங்கள் வீடியோ காலில் கேட்டால் பாப்பா பதில் சொல்கிறாள், அவள் காட்டினால் நீங்கள் சிரிக்கிறீர்கள். கார்ட்டூன் அதைச் செய்யாது. ஒன்று மட்டும்: "சாப்பிட்டியா, சமத்தா இருக்கியா" என்பதோடு வைத்துவிடாதீர்கள். லாரி எங்கே நிற்கிறது, பக்கத்தில் மாடு இருக்கிறதா, மழை பெய்கிறதா, ஹாரன் எப்படிக் கேட்கும் என்று காட்டுங்கள். அவளைக் கேள்வி கேட்க விடுங்கள். பதில் வரத் தாமதமானாலும் நீங்களே சொல்லிவிடாமல் காத்திருங்கள். பக்கத்தில் அம்மாவோ பாட்டியோ உட்கார்ந்து "அப்பா என்ன காட்டுறாங்க பாரு" என்று சேர்ந்து பேசினால் இன்னும் நல்லது.

#16 லாரிக்கார அப்பா

ஹாரன் சத்தத்துக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். சரிங்க சிஸ்டர், நன்றி.

#17 சந்தேகப்பேர்வழி

இதுவரை வந்ததில் எனக்கு ஒரு பயம். "எல்லாம் அம்மா கையில்" என்று போய் முடியக் கூடாது. ருமேனியாவில் 2000இல் தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வை எல்லோரும் இதற்கு மேற்கோள் காட்டுவார்கள். அனாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிதிறன் விடுதியில் இருந்தவர்களைவிட மேலே போனது, சீக்கிரம் போன குழந்தைகளுக்குப் பலன் அதிகம். சொல்லாமல் விடுவது என்னவென்றால், அந்தக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தார்கள், சமூகப் பணியாளர்கள் தொடர்ந்து துணை நின்றார்கள். விடுதி ஆயாக்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரே ஆள் ஒரு கூட்டம் குழந்தைகளைப் பார்த்தால் எந்தக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பது? நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் அதே நிலைதான். அதனால் பயிற்சியில் பாட்டியையும் அக்காவையும் கட்டாயம் சேருங்கள். மாமியார் ஒத்துக்கொள்ளாத எதுவும் வீட்டில் நடக்காது.

#18 வேடசந்தூரான்

எல்லோருக்கும் நன்றி. தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் இந்த இழையைக் காட்டினேன். ஒரு நாள் முகாம் கைவிடப்பட்டது. புரொஜெக்டர் போச்சு, பிரியாணியும் போச்சு. இரண்டாகப் பிரிக்கலாம் என்று இருக்கிறோம். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீடுகளுக்கு ஆள் போவது ஒன்று. அதற்கு ஊரிலேயே பன்னிரண்டாவது முடித்த இரண்டு பெண்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். பெரிய பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியரும் வாரம் ஒருமுறை கூடுவது இன்னொன்று. தூக்கம், கோபம், செல்போன், பரீட்சை என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றை எடுத்து நடித்துப் பழகுவது. டியூஷன் சென்டர்காரரிடம் பேசினோம், ஐந்து மணியை ஆறு ஆக்குகிறேன் என்கிறார். அதற்கு மேல் இறங்க மறுக்கிறார்.

புதன்கிழமை மாலை வைக்கலாமா? அந்த இரண்டு பெண்களும் சேவையாகவே செய்கிறோம் என்கிறார்கள்.

#19 மேற்பார்வை அக்கா

புதன் வேண்டாம். தடுப்பூசி நாள். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் அன்று அசந்து போயிருப்பார்கள், கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்ட காய்ச்சல் வேறு இருக்கும். வெள்ளியோ சனியோ வையுங்கள், அப்பாக்களும் கொஞ்சம் பேர் வருவார்கள்.

சேவை என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். இரண்டு மாதம் செய்வார்கள், அப்புறம் மில் வேலைக்குப் போய்விடுவார்கள், நீங்கள் அவர்கள் மேல் குறை சொல்வீர்கள். பிரியாணிக்கு ஒதுக்கிய பணத்தை அவர்கள் சம்பளத்தில் போடுங்கள். வீட்டுக்குப் போகும் முன் முதல் சில வாரம் அவர்களோடு நான் வருகிறேன், திண்டுக்கல்லில் இருந்து பஸ் இருக்கிறது. பாட்டில் மூடி மட்டும் இப்போதே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பெரிய மூடியாகப் பார்த்து, சோடா மூடி வேண்டாம், ஓரம் கையைக் கிழிக்கும்.